மூன்றாவது அடையாளம்

பிப்ரவரி 3

வாத்தியாரம்மாவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். போனிலேயே பேசிவிடலாமே என்றார் உன் அண்ணன். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், யார் சொன்னதும் யார் காதிலும் ஏறாது. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் பயிற்சிக் கல்லூரியிலிருந்து எங்கள் சிறை மருத்துவமனைக்கு அழைப்பு வந்திருக்கிறது. சிறை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ‘நடிப்பறியும் பயிற்சி’யாம். வலிக்கிறது என்று வரும் கைதிகளில் யாருக்கு நிஜமாக வலிக்கிறது, யார் வெளியே போக நடிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தருவாயாம். நானும் வந்து உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டுமாம். வர மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கேள்.

இங்கே பெண்கள் பிரிவில் ஒரு தையல்காரம்மா இருந்தாள். விசாரணைக் கைதி. வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை. எங்கள் வார்டர்களின் சட்டைக் காலர் நைந்தால் திருப்பித் தைத்துப் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுப்பாள். சென்ற மாதம் நான் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வெளியூர் போயிருந்தபோது அவளுக்கு வயிற்று வலி. பணியில் இருந்தது எங்கள் நர்ஸ். போன வருஷம் உன் பயிற்சியில் முதலாவதாக வந்து சான்றிதழ் வாங்கி, அதைச் சட்டம் போட்டு மருந்து அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறாளே, அவள்தான். இங்கே அவளுக்குப் பெயரே ‘முதல் மார்க்’.

தையல்காரம்மா அவளிடம் சொன்னது இது: “என் பிள்ளை மேல சத்தியமா வலிக்குதும்மா. உள்ள நெருப்பு வச்ச மாதிரி இருக்கு.”

முதல் மார்க் உன் கையேட்டைத் திறந்தாள். ‘நடிப்பறியும் ஐந்து அடையாளங்கள்’. அதில் மூன்றாவது என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, எழுதினவளே நீதான். ‘தன் பேச்சை நம்ப வைக்கச் சத்தியம் செய்பவர் நடிக்கிறார் என்று கொள்ளலாம்.’ கொள்ளலாம் என்று எழுதிவிட்டாய். கொண்டுவிட்டாள். நெஞ்செரிச்சல் மாத்திரை ஒன்றைக் கொடுத்து அறைக்குத் திருப்பி அனுப்பினாள். மறுநாளும் வந்தாள், மறுநாளும் சத்தியம் செய்தாள், மறுநாளும் அதே மாத்திரை.

நான் வந்து தொட்டபோது வயிறு பலகையாக இருந்தது. குடற்புண் ஓட்டையாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. வண்டி வந்து, வழிக்காவலுக்கு ஆள் வந்து, கையெழுத்தெல்லாம் முடிந்து கிளம்பினோம். பெரிய ஆஸ்பத்திரியின் வாசல் தெரியும்போது வண்டியிலேயே போய்விட்டாள். அவள் கை என் கையில் இருந்தது. கையில் விலங்கும் இருந்தது.

முதல் மார்க் கெட்டவள் இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் செய்தாள், அவ்வளவுதான். அதனால்தான் அவளைத் திட்டாமல் உன்னைத் திட்டுகிறேன்.

எனக்கு இரண்டு வேண்டும். ஒன்று, அந்த மூன்றாவது அடையாளத்தைக் கையேட்டிலிருந்து எடு. இரண்டு, மே மாதம் நீ நடத்தும் சிறை மருத்துவ மாநாட்டில் தையல்காரம்மாவைப் பற்றிப் பேச எனக்கு இடம் கொடு. இரண்டும் நடக்கிற வரைக்கும் உன் பயிற்சிக்கும் வர மாட்டேன், உன் வீட்டுக்கும் வர மாட்டேன்.

உன் அண்ணன் மட்டும் வழக்கம்போல் வருவார். வங்கியில் விடுப்புச் சொல்லியாகிவிட்டது. உன் வகுப்பில் கைதி வேஷம் போட இப்போதே தாடி வளர்க்கிறார். நாடகம் என்றால் அவருக்குப் பெண்டாட்டி சண்டைகூட இரண்டாம் பட்சம்.

அண்ணி


பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய மருத்துவர் அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பு இடைவேளையில் படித்தேன். அடுத்த வகுப்பை என்னால் எடுக்க முடியவில்லை. அதற்காக நீங்கள் சொன்னதெல்லாம் சரி என்று நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த அம்மா இறந்தது எனக்கும் தாங்கவில்லை. ஆனால் நான் நாற்காலியில் உட்கார்ந்து கற்பனையாகக் கையேடு எழுதினவள் இல்லை. நானும் சிறை வார்டில் வருஷக்கணக்காக நர்ஸ் வேலை பார்த்தவள். நீங்கள் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே வந்தவள். வாயில் சோப்பை மென்று நுரை தள்ளி வலிப்பு மாதிரி விழுந்தான் ஒருவன். நான்தான் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். போகிற வழியில் கூட வந்த காவலரை அடித்துப்போட்டு ஓடினான். காவலருக்கு ஒரு கண் போயிற்று. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவன் நடிக்கிறான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வீட்டுக்காரர் போயிருக்கவே மாட்டாரேம்மா” என்றார். கோபப்படவில்லை. கேட்டார், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் இந்தக் கையேட்டை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

உங்களுக்கு ஒரு தையல்காரம்மா. எனக்கு அந்தக் கண். இதில் எது பெரியது என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?

சத்தியம் செய்வது பொய்யின் அடையாளம் என்பது என் அனுபவம். நிஜமாக வலிப்பவனுக்குச் சத்தியம் செய்யத் தெம்பு இருக்காது. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கையேட்டை மாற்றும் அதிகாரம் எனக்குக் கிடையாது, எங்கள் கல்லூரி இயக்குநரிடம்தான் இருக்கிறது. மாநாட்டில் பேச இடம் கேட்டீர்கள். விசாரணை நடந்துகொண்டிருக்கிற ஒரு மரணத்தைப் பற்றி மேடையில் பேச அவர் விடவே மாட்டார். மாநாடு எப்போதும்போல் உறுதிமொழியில் தொடங்கும், கட்டுரை வாசிப்பு இருக்கும், பொன்னாடை இருக்கும், சாப்பாடு இருக்கும். உறுதிமொழியை எப்போதும்போல் நான் வாசிப்பேன். நீங்கள் எப்போதும்போல் பின்வரிசையில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

அண்ணனை அனுப்புவதற்கு நன்றி. அவன் மேடையில் விழுந்து அழுதால் கல்லும் கரையும். அவனை நம்பித்தான் என் வகுப்பே ஓடுகிறது.

உங்கள் நாத்தனார்


மார்ச் 2

கல்லுளிமங்கிக்கு,

கல்லும் கரையும் என்று எழுதினாயே. கரையவில்லை. அவருடைய சிறுநீரகக் கல் நேற்று முழுசாக வெளியே வந்தது. மிளகளவுகூட இல்லை. அதை ஒரு மருந்துப் புட்டியில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார் உன் அண்ணன். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் கும்பிடாத குறை. உன் நெஞ்சில் இருக்கிற கல் அதைவிடப் பெரிது என்று நான் சொன்னேன். “என் தங்கச்சிய ஒண்ணும் சொல்லாத” என்று அதற்கும் எனக்குத்தான் திட்டு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ எதிரே உட்கார்ந்திருந்தபோது உன்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் அங்கேயே அடிதடி ஆகியிருக்கும். இப்போது எழுதுகிறேன். அவர் நடிக்க வந்த அன்றைக்கு உன் பயிற்சிக் கூடத்தில் என்ன நடந்தது என்று அவர் வாயாலேயே கேட்டுவிட்டேன்.

நீ கொடுத்த வேஷம், நெஞ்சு வலிக்கிறது என்று பொய் சொல்லி வெளியே போகப் பார்க்கும் கைதி. அவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அருமையாக விழுந்திருக்கிறார். அறுபது பேர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் வைத்தியம் படித்தவர்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய வலது விலாவில் நிஜ வலி பிடித்திருக்கிறது. கை நெஞ்சிலிருந்து இடுப்புக்குப் போயிருக்கிறது. உடனே முன்வரிசையில் ஒருவர், “இடத்த மாத்திட்டார், ரெண்டாவது அடையாளம்!” என்றாராம். அறுபது பேனாவும் ஒரு கோடு போட்டன.

“ஐயோ, இது நடிப்பு இல்லீங்க. அம்மா மேல சத்தியமா வலிக்குது.”

இதற்கு நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? ஒலிபெருக்கியில் சொன்னாய்: “கவனிச்சீங்களா? மூணாவது அடையாளம்.”

அவர் வாந்தி எடுத்தபோது கை தட்டினார்களாம். எப்படி வரவழைத்தார் என்று பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஒரு டாக்டர் விசாரித்தாராம். வேர்த்துக் கொட்டித் தரையில் புரண்டவருக்கு ஐம்பதுக்கு நாற்பத்தேழு மார்க். மூன்று மார்க்கை ஏன் குறைத்தார்கள் என்றுதான் அவருக்கு இன்னும் ஆற்றாமை.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டபோது சிரிப்பு நின்றது. கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது, வலி குறைந்த சந்தோஷத்தில் உளறினார்: “அந்த மூணாவது அடையாளம் யாரு தெரியுமா? நான்தான்.”

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட அவர் வயிற்று வலி என்பாராம். அம்மா மேல் சத்தியம் என்பாராம். நீ கதவோரம் நின்றுகொண்டு, “அண்ணன் சத்தியம் பண்ணிட்டான்மா, அப்ப பொய்தான்” என்று போட்டுக் கொடுப்பாயாம். ஒரு தடவைகூடத் தப்பவில்லையாம். சின்ன வயதிலிருந்தே தெரியும் என்று எழுதினாயே, அந்த அனுபவம் இதுதானா?

எட்டு வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட கதையை வைத்து அத்தனை சிறைகளுக்கும் சட்டம் எழுதியிருக்கிறாய்! அதை மனப்பாடம் செய்து முதல் மார்க் வாங்குகிறார்கள். அந்தச் சட்டத்துக்கு ஒரு தையல்காரம்மா செத்தாள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உன் அண்ணனுக்கே வந்தும் உனக்குத் தெரியவில்லை.

அவருக்கு ஒன்றுமில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம். கையேட்டை மாற்றிவிட்டு எழுது.

அண்ணி


மார்ச் 10

அண்ணி,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். நீங்கள் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

அண்ணன் உங்களிடம் ஒன்றைச் சொல்லவில்லை. எனக்காக மறைத்திருப்பான். கை தட்டல் ஓய்ந்த பிறகு நான் அவன் பக்கத்தில் போய், “போதும், எழுந்திரு. அடுத்த காட்சிக்கு நேரமாச்சு” என்றேன். அவன் என் செருப்பைப் பிடித்துக்கொண்டு, “எலிக்குட்டி, முடியலடி” என்றான்.

அந்தப் பெயர் எங்கள் அம்மா அப்பாவோடு போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் மட்டும்தான் எப்போதாவது கூப்பிடுவான், அதுவும் வீட்டுக்குள். அறுபது பேருக்கு முன்னால் கூப்பிட மாட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒலிபெருக்கியைக் கீழே போட்டேன். அது கிறீச்சிட்டதில்தான் கூடமே அடங்கியது.

அன்றிலிருந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், அண்ணி. அவனுக்கு என்னைக் கூப்பிட ஒரு பெயர் இருந்தது. உங்கள் தையல்காரம்மாவுக்கு இல்லை. அவளிடம் இருந்தது சத்தியம் ஒன்றுதான். அதையும் நான் பொய்யின் கணக்கில் எழுதி வைத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாதவள் என்று என்னை நீங்கள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். இப்போதும் தெரியவில்லை. கண் போன காவலரை என்னால் மறக்க முடியாது, மறக்கவும் மாட்டேன். நடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைக் கண்டுபிடிக்கும் வழி இது இல்லை. அதை இப்போது எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

முதலில் இயக்குநரிடம் சொன்னேன். மூன்றாவது அடையாளத்தை எடுத்துவிட்டு, வலி என்று யார் சொன்னாலும் முதலில் தொட்டுப் பார், நாடி பார், பிறகு சந்தேகப்படு என்று எழுதித் தருகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சத்தியம் பண்றவன் எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா வண்டிக்கு எங்க போறது? வழிக்காவலுக்கு ஆள் எங்க? இந்த ஒரு வரி வந்த பிறகு ஆஸ்பத்திரிப் பயணம் பாதியாக் குறைஞ்சிருக்கு. மேலிடத்துல பாராட்டியிருக்காங்கம்மா.”

“குறைஞ்சது பயணம் சார். நோய் இல்ல.”

“உங்க அண்ணன் விஷயம் வெளிய வரக் கூடாது. நம்ம பயிற்சிக்கே அசிங்கம். நீங்க கொஞ்ச நாள் அமைதியா இருங்க.”

மறுநாள் மாநாட்டு நிரல் வந்தது. என் கட்டுரையை எடுத்துவிட்டார்கள். ‘நடிப்பறிதலில் நம் வெற்றி’ என்று வேறொருவர் பேசப் போகிறார். எனக்கு வரவேற்பும் உறுதிமொழியும் மட்டும். அதை மட்டும் விட்டுவைத்ததற்குக் காரணம், வேறு யாருக்கும் அது மனப்பாடம் இல்லை.

நீங்கள் மாநாட்டுக்கு வாருங்கள். கேள்வி நேரத்தில் எழுந்து கேளுங்கள். நீங்கள் கேட்டால் யாராலும் உட்கார வைக்க முடியாது. எங்கள் வீட்டிலேயே முடிந்ததில்லையே.

எலிக்குட்டி என்று எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 18

நாத்தனாருக்கு,

மாநாட்டுக்கு வருவதாகத்தான் இருந்தேன். எங்கள் சிறைக் கண்காணிப்பாளர் அனுமதி மறுத்துவிட்டார். “டாக்டர் போயிட்டா இங்க யாரு பாக்குறது?” என்றார். நீதிமன்றத்துக்கு நான் போனபோது இந்தக் கவலை அவருக்கு வரவில்லை. உன் இயக்குநர் பேசியிருப்பார். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

அதோடு விடவில்லை. தையல்காரம்மாவின் மரண விசாரணை அறிக்கை வந்திருக்கிறது. ‘நோயாளி தன் உடல்நிலையை உரிய நேரத்தில் தெளிவாகத் தெரிவிக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு நாளும் வந்து பிள்ளை மேல் சத்தியம் செய்தவள் தெளிவாகத் தெரிவிக்கவில்லையாம்! அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லை.

“சரி, இதுல போட வேணாம்” என்று கண்காணிப்பாளர் இன்னொரு தாளை எடுத்தார். அதில் தப்பெல்லாம் முதல் மார்க் தலையில். ‘செவிலியரின் தனிப்பட்ட அலட்சியம்’. இரண்டில் ஒன்றில் கையெழுத்து வேண்டுமாம். கடைக்காரன் இந்தச் சேலை பிடிக்கவில்லையா, அந்தச் சேலையைப் பாருங்கள் என்பது போல எடுத்துக் காட்டுகிறார்.

முதல் மார்க் அன்றைக்குச் சாயங்காலம் என் அறைக்கு வந்தாள். அலமாரிக்கு மேலே இருந்த சான்றிதழைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

“நான் படிச்சதத்தானே டாக்டர் செஞ்சேன்? எதுக்கு மார்க் குடுத்தாங்களோ அதத்தானே செஞ்சேன்?”

“ஆமா.”

“அப்ப நான் கொலைகாரியா?”

“நீ நாளைக்கு வேலைக்கு வா. யார் வலின்னு வந்தாலும் முதல்ல கையத் தொடு. அது போதும்” என்றேன். வேலையை விட்டுவிடுவதாக எழுதி வைத்திருந்த தாளை அவளிடமிருந்து வாங்கிக் கிழித்தேன்.

இரண்டு அறிக்கையிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எதனால் செத்தாள் என்று என் கையாலேயே தனியாக எழுதிச் சேர்த்தேன். உன் கையேட்டின் மூன்றாவது அடையாளத்தையும் மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறேன். அதை எழுதினவள் என் நாத்தனார் என்பதையும் சேர்த்துவிட்டேன், பிறகு யாரும் நான் குடும்பத்தை மறைத்தேன் என்று சொல்லக் கூடாது பார். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

என்னை வேறு ஊருக்குத் தூக்கியடிப்பார்கள் என்று பேச்சு. அடிக்கட்டும். எல்லா ஊரிலும் சிறை இருக்கிறது. எல்லாச் சிறையிலும் வயிறு இருக்கிறது.

மாநாட்டில் என் இருக்கைக்கு உன் அண்ணன் வருகிறார். என் அழைப்பிதழை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தாயிற்று. அவரைப் பேச விடாதே, மேடையைப் பார்த்தால் இறங்க மாட்டார். தண்ணீர்ப் புட்டியைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன். குடிக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்.

நீ மேடையில் நிற்பாய். என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. உனக்கு மனப்பாடமாக இருப்பதைச் சொல்லிவிட்டு இறங்கினாலும் நீ என் நாத்தனார்தான். ஆனால் அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

அண்ணி


மே 9

அண்ணி,

அண்ணன் வந்து கதை கதையாகச் சொல்லியிருப்பான். பாதி பொய்யாக இருக்கும். அதனால் நான் எழுதுகிறேன்.

கூடம் நிறைந்திருந்தது. எல்லாச் சிறைகளிலிருந்தும் மருத்துவர்கள், செவிலியர்கள், முன்வரிசையில் கண்காணிப்பாளர்கள், நடுவில் எங்கள் இயக்குநர். வரவேற்புரையில் எழுதிக் கொடுத்ததை மட்டும் படித்தேன். இயக்குநர் முகத்தில் நிம்மதி. பிறகு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். வலது கையை நீட்டச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள்.

‘கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் நோயாளி நோயாளியே. அவர் வலியை என் வலியாக மதிப்பேன். இது சத்தியம்.’

எத்தனை வருஷமாகச் சொல்கிறோம்! அத்தனை குரலும் சேர்ந்து ‘இது சத்தியம்’ என்றபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லோரும் உட்காரப் போனார்கள். நான் ஒலிபெருக்கியை விடவில்லை.

“கொஞ்சம் நில்லுங்க. கையேட்டத் திறங்க. மூணாவது அடையாளத்தப் படிங்க.”

பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ வாய்விட்டே படித்தார்: “தன் பேச்சை நம்ப வைக்கச் சத்தியம் செய்பவர் நடிக்கிறார் என்று கொள்ளலாம்.”

“நாம இப்ப என்ன செஞ்சோம்?” என்று கேட்டேன்.

நீட்டிய கையைச் சில பேர் இன்னும் இறக்கவே இல்லை. எங்கே இறக்குவது என்று தெரியாத மாதிரி அப்படியே நின்றார்கள்.

“இந்தப் புத்தகத்தின்படி இங்க நிக்கிற அத்தனை பேரும் நடிக்கிறோம். புத்தகம் சரின்னா நம்ம உறுதிமொழி பொய். உறுதிமொழி நிஜம்னா இந்த வரி பொய். ரெண்டுல எதுன்னு இன்னைக்குச் சொல்லிட்டு உட்காருங்க.”

இயக்குநர் கையைக் காட்டினார். ஒலிபெருக்கி செத்தது. அண்ணி, நான் வார்டில் கத்திப் பழகினவள். எனக்கு எதற்கு ஒலிபெருக்கி? தையல்காரம்மாவின் பெயரை முழுதாகச் சொன்னேன். அவள் என்ன சத்தியம் செய்தாள், யார் மேல் செய்தாள், என்ன மாத்திரை கொடுத்தோம் என்று சொன்னேன். நர்ஸ் மேல் தப்பில்லை, அவளுக்கு முதல் மார்க் போட்டது இந்தக் கை என்று என் கையைத் தூக்கிக் காட்டினேன். கண் போன காவலரைப் பற்றியும் சொன்னேன், அவரை மறைக்கவில்லை. அவரோடு காவலுக்கு இன்னொரு ஆள் அனுப்பியிருந்தால் கண் தப்பியிருக்கும், இன்னொருத்தியைச் சாக விட்டதால் அந்தக் கண் திரும்பி வரவில்லை என்றேன். இதை இத்தனை வருஷம் நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

பிறகு, இந்த விதி எந்த ஆராய்ச்சியிலிருந்தும் வரவில்லை, என் அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதிலிருந்து வந்தது என்றேன்.

அவனைப் பேச விடாதே என்றீர்கள். நான் என்ன செய்ய? கடைசி வரிசையில் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிக் காட்டி, “அம்மா மேல சத்தியமா அது நான்தாங்க!” என்று கூவினான். கூடமே சிரித்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவன் சொன்னது நிஜம் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. பயிற்சிக்கு வந்து கை தட்டிய சிலரும் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு அவனை அடையாளம் தெரிந்தது.

நடு வரிசையில் வயதான டாக்டர் ஒருவர் பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தார். பிறகு பக்கத்தில் இருந்த பெண். பிறகு எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் இல்லை. முன்வரிசை அசையவே இல்லை.

‘நடிப்பறிதலில் நம் வெற்றி’ பேச வந்தவர் தொண்டை சரியில்லை என்று உட்கார்ந்துவிட்டார். சத்தியமாகச் சரியில்லையாம்.

மறுநாளே என்னைச் சீருடைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். மூட்டை மூட்டையாகச் சட்டை வருகிறது, பிரித்து அடுக்குகிறேன். கல்லூரிக்குள் நுழையக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு. கையேடு அப்படியேதான் அச்சில் இருக்கிறது. அப்படியானால் ஜெயித்தோமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் பயமாக இல்லை. உங்களுக்குப் பயமே வராதே, இப்படித்தான் இருக்குமா?

உங்கள் அறிக்கையில் என்னை உங்கள் நாத்தனார் என்று எழுதியிருந்ததை இயக்குநர் என் முகத்துக்கு நேரே நீட்டினார். “ஆமா சார், அண்ணிதான். அவங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்றேன். இதை நீங்கள் அண்ணனிடம் சொல்லிக் காட்ட வேண்டாம்.

எலிக்குட்டி


மே 27

எலிக்குட்டிக்கு,

உன் அண்ணன் சொன்னதில் பாதி பொய்தான். முன்வரிசையே எழுந்து நின்று கை தட்டியது என்றார். உன் கடிதத்தைப் படித்துப் பார்த்தால் நிஜம் அதைவிட நன்றாக இருந்தது. எனக்கு ஒரு சேலை எடுத்து வை, லீவு கிடைத்ததும் உன் வீட்டுக்கு வருகிறேன். சீருடைக் கிடங்குக்காரி சமைப்பாளா என்று பார்க்கிறேன்.

எனக்கும் மாற்றல் உத்தரவு வந்தது. எதிர்த்து மனுப் போட்டிருக்கிறேன். முடிவு வரும்வரை இங்கேதான். முதல் மார்க் மேல் இருந்த நடவடிக்கை நின்றிருக்கிறது. கைவிடவில்லை, நின்றிருக்கிறது. அதுவே போதும் என்று நான் சொல்ல மாட்டேன், அவளும் சொல்லவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மத்தியானம் நான் பெண்கள் பிரிவில் ஒரு கைதியின் குழந்தைக்குக் காது பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த ஒருத்திக்கு வயிற்று வலி. பத்தொன்பது இருபது வயது இருக்கும், திருட்டு வழக்கு. வாய்க்கு வாய் பொய் சொல்கிறவள் என்று வந்த அன்றைக்கே பெயர் வாங்கிவிட்டாள். நடிக்கிறாள் என்று சிரித்துக்கொண்டேதான் வார்டர் அவளை மருந்து அறைக்குக் கூட்டிப் போனாள்.

வராந்தாவில் யாரோ ஓடி வரும் சத்தம். இந்தக் கட்டடத்தில் யாரும் ஓடுவதில்லை, ஓடினால் விசில் ஊதுவார்கள். ஊதினார்கள். அதையும் காதில் வாங்காமல் முதல் மார்க் மூச்சிரைக்க வந்து கதவில் நின்றாள்.

“டாக்டர், வயித்தத் தொட்டுப் பாத்துட்டேன், கல்லு மாதிரி இருக்கு. கண்காணிப்பாளர்கிட்டக் கேக்கல, வண்டிய வரச் சொல்லிட்டேன்.”

“என்ன சொல்றா அவ?”

“மூணாவது அடையாளம், டாக்டர். சத்தியமா வலிக்குதாம்!”

அண்ணி